செம்பு சொன்ன அழுத்தம்

அமெரிக்காவில் வேட்டைக்குப் போகிறவர்களும் குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் இறங்குகிறவர்களும் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே நிரப்பிக்கொள்வது நூறு ஆண்டுகளைத் தாண்டிய பழக்கம். சுட்டு முடித்ததும் குண்டு போய்விடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, மருந்தைப் பற்றவைத்த கேப் செத்துவிடுகிறது. பித்தளைக் குப்பி மட்டும் கையில் மிஞ்சும். ஒரு தோட்டாவில் விலை கூடிய பாகமும் அதுதான். அதைச் சீர்செய்து, புதுக் கேப் பொருத்தி, மருந்தை எடைபோட்டு ஊற்றி, வாயில் புதுக் குண்டைச் செருகினால் மறுபடியும் தோட்டா தயார்.

எவ்வளவு மருந்து ஊற்றுவது? அதற்குத்தான் கையேடுகள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஐடியல் என்ற நிறுவனம் இப்படி ஒரு கையேட்டை வெளியிட்டது. பின்னாளில் லைமன், ஸ்பியர், ஹார்னடி, சியரா எனப் பல நிறுவனங்களின் தடித்த புத்தகங்கள் வந்தன. இன்ன தோட்டா, இன்ன எடையுள்ள குண்டு, இன்ன மருந்து என்று வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தொடக்க அளவு ஒன்றும் உச்ச அளவு ஒன்றும் கொடுத்திருப்பார்கள். அளவு கிரெய்ன் கணக்கில் இருக்கும். ஒரு கிரெய்ன் என்பது 64.8 மில்லிகிராம்.

இப்போது ஒரே நிறுவனத்தின் முப்பது ஆண்டுப் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். தோட்டா அதே, குண்டின் எடை அதே, மருந்தின் பெயரும் அதே. உச்ச அளவு மட்டும் வேறாக இருக்கும். பல இடங்களில் புதிய எண் சிறியது, சில இடங்களில் பெரியது. சில வரிகள் அடியோடு காணாமல் போயிருக்கும்.

"புதிய புத்தகத்தை எழுதியது வக்கீல்கள்" என்பார்கள் பழைய கைகள். வழக்குக்குப் பயந்து அளவைக் குறைத்துவிட்டார்களாம். அமெரிக்காவில் நஷ்டஈட்டு வழக்குகள் நிஜம்தான். நிறுவனங்கள் அவற்றுக்கு அஞ்சுவதும் நிஜம்தான். ஆனால் வக்கீல் பயம் ஏறிய எண்களை விளக்காது, ஒரே மருந்துக்கு ஒரு தோட்டாவில் மட்டும் எண் மாறியதையும் விளக்காது. உண்மையான காரணம் இதைவிடச் சுவையானது. அட்டவணையில் உள்ள எண் ஒரு அளவீட்டின் முடிவு. குறிப்பிட்ட குழலில், குறிப்பிட்ட டப்பா மருந்தை, குறிப்பிட்ட கருவியை வைத்து அளந்து கிடைத்தது. கருவியும் மருந்தும் மாறும்போது எண் மாறாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

முதலில் கருவி.

துப்பாக்கிக்குள் நடப்பது ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்ட் வேலை. அதற்குள் அழுத்தம் மேலேறி உச்சம் தொட்டு இறங்கிவிடும். ரைஃபிளில் அந்த உச்சம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்ட் அளவுக்குப் போகும். நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தம் 14.7 பவுண்ட். அதைப்போல நான்காயிரம் மடங்கு அழுத்தத்தை, கண்ணிமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்கு கூட நீடிக்காத ஒன்றை, 19-ஆம் நூற்றாண்டில் எப்படி அளந்தார்கள்?

செம்பை வைத்து அளந்தார்கள். அமெரிக்க ராணுவத்தின் தாமஸ் ராட்மன், பீரங்கியின் சுவரில் துளையிட்டு, உள்ளிருக்கும் வாயு ஒரு கத்திமுனையைச் செம்புத் துண்டில் பதிக்கும்படி செய்தார். பதிந்த தடத்தின் நீளம்தான் அழுத்தத்தின் அளவு. இங்கிலாந்தில் ஆண்ட்ரூ நோபிள் 1860-களில் அதை மேம்படுத்தினார். அவரது கருவியில் கத்தி இல்லை. சிறு செம்பு உருளை ஒன்று பிஸ்டனுக்கும் கெட்டியான முட்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். சுட்டதும் வாயு பிஸ்டனைத் தள்ளும், உருளை நசுங்கும். நசுங்கிய உருளையை மைக்ரோமீட்டரில் அளந்து, முன்கூட்டித் தயாரித்த பட்டியலில் தேடினால் அழுத்தம் கிடைக்கும். மலிவான, நம்பகமான, யாரும் செய்யக்கூடிய முறை. நூறு ஆண்டுகளுக்கு மேல் உலகத்துத் துப்பாக்கி ஆய்வகங்கள் இதையே நம்பியிருந்தன என்றால் அது நோபிளின் திறமைக்குச் சாட்சி.

ஆனாலும் அதில் ஒரு குறை ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அந்தப் பட்டியலைத் தயாரிப்பவர்கள் செம்பு உருளையை அழுத்து இயந்திரத்தில் வைத்து நிதானமாக அழுத்துவார்கள். துப்பாக்கியில் கிடைப்பதோ மில்லிசெகண்ட் அடி. உலோகம் நசுங்குவதற்கும் நேரம் வேண்டும். செம்பு முழுதாக நசுங்கி முடிக்கும் முன்பே அழுத்தம் இறங்கத் தொடங்கிவிடுகிறது. அதனால் செம்பு சொல்லும் எண் பெரும்பாலும் உண்மையான உச்சத்தைவிடக் குறைவாக இருக்கும். எவ்வளவு குறைவு? அது அழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. அதாவது தோட்டாவுக்குத் தோட்டா மாறும், மருந்துக்கு மருந்து மாறும்.

1880-இல் பியர் கியூரியும் அவரது அண்ணன் ஜாக் கியூரியும் குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டுபிடித்தார்கள். பீசோ மின்விளைவு என்று அதற்குப் பெயர். இந்த விளைவில் இயங்கும் உணரியைக் குழலின் சுவரில் பொருத்தினால், அழுத்தம் ஏறி இறங்கும் வளைகோடு முழுவதையும் மைக்ரோசெகண்ட் கணக்கில் பதிவு செய்ய முடியும். ஒரு வேட்டுக்கு ஒரே எண்ணைத் தந்த செம்பின் இடத்தில், அந்த வேட்டின் முழுக் கதையும் கிடைத்தது. மின்னணுக் கருவிகள் மலிவாகி, 1970-களுக்குப் பிறகு படிப்படியாக அமெரிக்க ஆய்வகங்கள் பீசோவுக்கு மாறின.

மாறியபோது தெரியவந்ததுதான் இந்த அத்தியாயத்தின் மையம். அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. 1926-இல் தொடங்கியது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் உச்ச அழுத்த வரம்பு வகுப்பது அதன் வேலைகளில் ஒன்று. செம்பு முறையில் .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர், .270 வின்செஸ்டர் ஆகிய மூன்று தோட்டாக்களுக்கும் வரம்பு ஒன்றே: 52,000 செம்பு அலகு. அதே மூன்றுக்கும் பீசோ முறையில் வரம்பு முறையே 55,000, 62,000, 65,000 பவுண்ட். செம்பின் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த மூன்று, படிகத்தின் கண்ணுக்கு மூன்றாகத் தெரிந்தன. பழைய .30-06 தோட்டாவுக்குச் செம்பில் 50,000, பீசோவில் 60,000. இவற்றுக்கிடையே எந்தப் பெருக்கல் எண்ணைப் போட்டாலும் நான்கும் ஒத்துவராது. செம்பு அலகை பவுண்டாக மாற்ற வாய்பாடு கேட்பவர்களுக்கு நேர்மையான பதில், அப்படி ஒன்று இல்லை என்பதே.

பழைய அச்சுப் பிரதிகளில் செம்பு எண்ணுக்கு நேராகவே பவுண்ட் என்று போட்டிருப்பார்கள். அன்று வேறு அளவுமுறை இல்லாததால் குழப்பம் வரவில்லை. பீசோ வந்த பிறகுதான் செம்பு அலகு என்று தனிப் பெயர் வைக்க வேண்டிவந்தது. பழைய புத்தகத்தில் 50,000 பவுண்ட் என்று படித்துவிட்டு இன்றைய வரம்பு 60,000 பவுண்ட் என்று பார்ப்பவர், இன்னும் பத்தாயிரம் இடம் இருப்பதாக எண்ணிவிடலாம். இல்லாத இடம் அது.

பீசோ இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. ஒரே அளவு மருந்து போட்ட பத்துத் தோட்டாக்களைச் சுட்டால் பத்து அழுத்தங்கள் வரும். சராசரி வரம்புக்குள் இருந்தும், பத்தில் ஒன்றிரண்டு எகிறிக் குதிக்கலாம். அந்தச் சிதறல் பெரிதாக இருந்தால் சராசரியையே கீழே இறக்க வேண்டும். இன்றைய தரவிதிகள் சராசரி, திட்டவிலக்கம் என்று புள்ளியியல் மொழியில்தான் பேசுகின்றன. எண் இறங்கிய பல வரிகளின் பின்னால் இருப்பது இந்தச் சிதறல். அளவீடு மோசமாக இருந்த காலத்தில் அது கண்ணில் படாமல் இருந்தது, அவ்வளவுதான்.

அழுத்தக் கருவியே இல்லாமல் தயாரான எண்களும் பழைய நூல்களில் உண்டு. கேப்பின் முகம் தட்டையாகிவிட்டதா, போல்ட்டைத் தூக்கக் கை வலிக்கிறதா, குப்பியின் அடிப்பகுதி எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் விரிந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து மருந்தைக் கூட்டுவார்கள். அறிகுறி தெரிந்ததும் கொஞ்சம் குறைத்து, அதை உச்ச அளவு என்று எழுதுவார்கள். கூர்மையான கண்ணும் நீண்ட அனுபவமும் வேண்டிய வேலை அது. அந்தத் தலைமுறையை நான் மதிக்கிறேன். ஆனால் பித்தளை எப்போது விரியும் என்பது அந்தப் பித்தளையின் கடினத்தைப் பொறுத்தது. கெட்டியான பித்தளை, ரைஃபிளின் வரம்பைத் தாண்டிய பிறகும் அசையாமல் இருக்கும். 1873-இன் ஸ்பிரிங்ஃபீல்ட் போன்ற பலவீனமான பழைய துப்பாக்கிகளில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பித்தளை எச்சரிக்கும் முன்பே துப்பாக்கி உடைந்துவிடலாம். .45-70 தோட்டாவுக்கு எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வரம்பு 28,000 பவுண்டாக இருப்பதும், சில கையேடுகள் அந்த ஒரு தோட்டாவுக்கே துப்பாக்கியின் பலத்துக்கு ஏற்ப மூன்று தனி அட்டவணைகள் போடுவதும் இதனால்தான்.

இனி மருந்து.

புகையற்ற வெடிமருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். பருத்தி நாரையோ மரக்கூழையோ அமிலத்தில் பதப்படுத்திச் செய்வது. 1884-இல் பிரான்ஸின் போல் வியே அதைப் பசையாக்கித் தகடாக்கி, துப்பாக்கிக்கு ஏற்ற மருந்தாக்கினார். நம் நீலகிரியில் குன்னூருக்கு அருகே அரவங்காட்டில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இயங்கிவரும் கார்டைட் தொழிற்சாலையும் இந்தக் குடும்பத்து மருந்தைச் செய்யவே பிறந்தது.

வியே இன்னொரு அடிப்படை உண்மையையும் வகுத்தார். மருந்து எரியும் வேகம் சுற்றியுள்ள அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் கூடினால் வேகம் கூடும். வேகம் கூடினால் வாயு கூடும், வாயு கூடினால் அழுத்தம் மேலும் கூடும். தன்னைத் தானே ஊட்டி வளர்க்கும் இந்தச் சுழல் இருப்பதால், உள்ளே போகும் சிறு மாற்றம் வெளியே பெரிதாகத் தெரியும். மருந்தை 5 சதவீதம் கூட்டினால் உச்ச அழுத்தம் 5 சதவீதத்தோடு நிற்காது.

ஆகவே மருந்து எவ்வளவு சீராக இருக்கிறது என்பது உயிர்போகும் விஷயம். ஆனால் அது செடியிலிருந்து வரும் நாரில் செய்த பொருள். புது அரிசிக்கும் பழைய அரிசிக்கும் ஒரே அளவு தண்ணீர் வைக்க முடியாது என்று நம் வீட்டுச் சமையலறைக்குத் தெரியும். மருந்தும் அப்படித்தான், ஒரு முறை செய்தது போல மறுமுறை வராது. தோட்டாத் தொழிற்சாலைகள் இதைச் சமாளித்துவிடும். புதுத் தொகுதி வந்ததும் அழுத்தக் குழலில் சுட்டுப் பார்த்து, அந்தத் தொகுதிக்கென்று அளவை நிர்ணயிப்பார்கள். வீட்டில் நிரப்புகிறவரிடம் அழுத்தக் குழல் ஏது? அவருக்கு விற்கும் டப்பா மருந்தை, பல தொகுதிகளைக் கலந்து பழைய மாதிரியின் வேகத்துக்கு இணையாக்கித்தான் அனுப்புகிறார்கள். அப்படியும் சிறிய வேறுபாடு மிஞ்சும். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்தச் சிறிய வேறுபாடுகள் ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகலாம்.

சில மருந்துகள் பெயரை வைத்துக்கொண்டு ஊரையே மாற்றியிருக்கின்றன. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கான்சாஸ் மாநிலத்தின் புரூஸ் ஹாட்ஜ்டன், ராணுவத்தில் மிஞ்சிய மருந்தை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கத் தொடங்கினார். அவற்றில் ஒன்று 20 மில்லிமீட்டர் பீரங்கிக்காகச் செய்த மெதுவான மருந்து. எச்4831 என்ற பெயரில் அது வேட்டைக்காரர்களிடையே பெரும் புகழ் பெற்றது. போர் இருப்பு தீர்ந்தபின் அதே பெயரில் ஸ்காட்லாந்தில் புதிதாகச் செய்தார்கள். இப்போது ஆஸ்திரேலியாவில் முல்வாலாவில் செய்கிறார்கள். மூன்று நாடு, மூன்று தொழிற்சாலை, ஒரே பெயர். இவற்றுக்கு ஒரே அட்டவணை அரை நூற்றாண்டு நீடித்திருந்தால் அதுதான் அதிசயம். இதன் மறுபக்கமும் உண்டு: ஐஎம்ஆர் 4895, எச்4895 என்று இரண்டு டப்பாக்கள் கடையில் இருக்கும். எண் ஒன்றுதான், மருந்து வேறு, அட்டவணையும் வேறு.

மருந்து மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க ராணுவமே கொடுத்த விலை அதிகம். எம்16 ரைஃபிளின் தோட்டா முதலில் குச்சி வடிவ ஐஎம்ஆர் மருந்தில் உருவானது. கேட்ட வேகத்தை வரம்புக்குட்பட்ட அழுத்தத்தில் பெருமளவு உற்பத்தியில் கொண்டுவருவது கடினமாக இருந்ததால், 1964-இல் உருண்டை மணி மருந்தான டபிள்யூசி846-க்கு அனுமதி கொடுத்தார்கள். குண்டின் வேகம் சரியாக இருந்தது. உச்ச அழுத்தமும் வரம்புக்குள் இருந்தது. ஏட்டில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் வளைகோட்டின் வடிவம் வேறு. குழலின் நடுவே, துப்பாக்கியை இயக்க வாயு எடுக்கும் துளையில் அழுத்தம் கூடிவிட்டது. இயங்குவேகம் வடிவமைப்பைத் தாண்டியது, பாகங்கள் தேய்ந்தன, புதிய மருந்தின் கசடு வேறு சேர்ந்தது. வியட்நாமில் சிப்பாய்களின் கையில் துப்பாக்கி அடைத்துக்கொண்டது. குழலுக்கும் அறைக்கும் குரோமியப் பூச்சு இல்லாதது, சுத்தம் செய்யும் பொருட்கள் போதாதது என்று வேறு காரணங்களும் சேர்ந்திருந்தன. 1967-இல் நாடாளுமன்றத்தின் ஐகார்ட் துணைக்குழு விசாரித்து, மருந்தை மாற்றிய முடிவைக் கடுமையாகக் கண்டித்தது. உச்ச அழுத்தம் என்ற ஒற்றை எண் எவ்வளவு மறைக்கும் என்பதற்கு இதைவிடத் துயரமான பாடம் இந்தத் துறையில் இல்லை.

சட்டமும் மருந்தின் உள்ளே கை வைக்கிறது. மணிகள் சீராக எரிய வேண்டும் என்பதற்காக மேற்பரப்பில் டைபியூட்டைல் தாலேட், டைநைட்ரோடொலுயீன் போன்ற வேதிப்பொருட்களை ஏற்றுவது வழக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் விதிகளின்படி 2015-இலிருந்து இவற்றைப் பயன்படுத்தத் தனி அனுமதி வேண்டும். உடல்நலத்துக்குக் கேடு என்பதால் வந்த நியாயமான கட்டுப்பாடு. பூச்சை மாற்றினால் எரியும் விதத்தையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

குண்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்பின் அடர்த்தி 8.96. ஆகவே ஒரே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். தோட்டாவின் மொத்த நீளத்தைக் கூட்ட முடியாது என்பதால், கூடுதல் நீளம் குப்பிக்குள் இறங்கி மருந்தின் இடத்தைப் பிடிக்கும். இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். ஈயத் துணுக்குகளைத் தின்று கலிஃபோர்னியக் கோண்டார் கழுகுகள் செத்ததைத் தொடர்ந்து, அந்த மாநிலம் 2013-இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டை முழுமையாகத் தடுத்தது. எடையை மட்டும் பார்த்து ஈயக் குண்டின் அட்டவணையைச் செம்புக் குண்டுக்குப் பயன்படுத்துவது ஆபத்து.

சில நேரங்களில் வரம்பையே மாற்றுகிறார்கள். .357 மேக்னம் ரிவால்வர் தோட்டா 1935-இல் வந்தது. அதற்குச் செம்பு வரம்பு 45,000. பீசோ வரம்பு 35,000 பவுண்ட். ரைஃபிள்களில் பீசோ எண் செம்பு எண்ணைவிடப் பெரியது என்று பார்த்தோம். இங்கே தலைகீழ். அளவுமுறை மாறியதோடு வரம்பும் உண்மையாகவே இறங்கியிருக்கிறது. ஜெர்மன் 8 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவின் நிலை வேறு விதம். ஐரோப்பாவின் சி.ஐ.பி. அமைப்பு அதற்கு 3,900 பார் அனுமதிக்கிறது, ஏறத்தாழ 56,500 பவுண்ட். அமெரிக்க வரம்பு 35,000 மட்டுமே. 1888-ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கிகளின் குழல் பின்னாளைய குண்டைவிடச் சற்று ஒடுக்கம். அவை இன்னும் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கக்கூடும் என்று அமெரிக்கர்கள் கணக்கில் வைத்தார்கள். ஒரே தோட்டா, இரண்டு நாட்டு நூல்கள், வெகுதூரம் விலகிய இரண்டு உச்ச அளவுகள். இரண்டும் பொய்யில்லை.

வரி அடியோடு மறைந்ததற்கும் ஒரு நல்ல சான்று இருக்கிறது. அலயன்ட் நிறுவனத்தின் ப்ளூ டாட் மருந்துக்கு .357 மேக்னத்தில் 125 கிரெய்ன் குண்டோடும், .41 மேக்னத்தில் எல்லாக் குண்டுகளோடும் பல ஆண்டுகள் அட்டவணை இருந்தது. 2008-இல் அந்நிறுவனமே, அந்தச் சேர்க்கைகளில் ஆபத்தான அழுத்தம் ஏற்படலாம், பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது. மற்றத் தோட்டாக்களுக்கு அதே மருந்தின் விற்பனை தொடர்ந்தது. தன் பழைய எண் தவறு என்று வெளிப்படையாகச் சொன்ன நிறுவனத்தை நான் பாராட்டுகிறேன். பழைய புத்தகத்தை மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த அறிவிப்பு போய்ச் சேர்ந்திருக்காது என்பதுதான் கவலை.

அப்படியானால் பழைய நூல் பொய்யா? இல்லை. அது தன் காலத்து மருந்துக்கு, தன் காலத்துக் கருவி சொன்ன விடை. அந்த மருந்து இன்று கடையில் இல்லை. எனவே வரலாற்றுக்காகப் பழையதை அலமாரியில் வையுங்கள், எடைபோடுவதற்குப் புதியதைத் திறங்கள். கையில் இருக்கும் டப்பாவைச் செய்தவர் இன்று வெளியிடும் எண்ணுக்கே முதலிடம். அட்டவணையின் தலைப்பில் எந்தக் குண்டு, எந்தக் கேப், எவ்வளவு நீளக் குழல், செம்பு அலகா பவுண்டா என்பதைப் படிக்காமல் கீழே உள்ள எண்ணுக்குப் போகாதீர்கள். ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் அட்டவணைகளில் இன்றும் சில தோட்டாக்களுக்குச் செம்பு அலகும் சிலவற்றுக்குப் பவுண்டும் இருக்கின்றன. டப்பா புதிதாக இருந்தாலோ, குண்டு மாறியிருந்தாலோ தொடக்க அளவிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். எச்110 போன்ற ஒருசில மருந்துகளில் அளவை மிகவும் குறைப்பதும் ஆபத்து என்பதால், அவற்றுக்குத் தயாரிப்பாளர் குறித்திருக்கும் கீழ் எல்லையையும் மீறக் கூடாது.